மிதித்தால் எரிய வேண்டும்

பழைய மோட்டார் சைக்கிளில் யாரும் கவனிக்காத உறுப்பு பிரேக் விளக்கின் ஸ்விட்ச். அது பழுதானால் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் வருபவருக்குத்தான் தெரியாமல் போகும்.

செகந்திராபாத்திலிருந்து உப்பல் போகும் சாலையும், உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்குள் திரும்பும் சாலையும், லாலாபேட்டிலிருந்து வரும் சாலையும் கூடும் இடம் தார்நாகா. தலைக்கு மேல் 2017 நவம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில். கீழே சிட்டி பஸ், ஆட்டோ, வேன், இவற்றின் இடுக்குகளில் எல்லாம் இரு சக்கர வாகனம். சிக்னல் மஞ்சளுக்கு மாறிய கணத்தில் முன்னால் போகிறவர் நிற்பாரா, தாண்டி விடுவாரா என்று பின்னால் வருபவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் ஒரே துப்பு, முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிவது.

எரியாவிட்டால்? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. கிட்டத்தட்ட ஒரு சிட்டி பஸ்ஸின் நீளம். முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் வேகம் குறைகிறது என்பதை விளக்கின் உதவியில்லாமல், இடைவெளி சுருங்குவதைப் பார்த்தே புரிந்துகொள்ள ஒரு விநாடி கூடுதலாகப் பிடித்தால், அந்த பஸ் நீளம் முழுவதும் கைவிட்டுப் போகிறது. நகர நெரிசலில் அவ்வளவு இடைவெளி விட்டு வருபவர்கள் அபூர்வம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அதே ஆண்டில் நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கும் அதிகமானவை பின்னாலிருந்து மோதியவை. இவற்றில் எத்தனை எரியாத விளக்கால் நேர்ந்தவை என்று எந்த அட்டவணையும் சொல்வதில்லை. ஆனால் பின்னாலிருந்து இடி வாங்கும்போது காரில் இருப்பவரைச் சுற்றித் தகரம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்கு, அதிலும் பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண்ணுக்கு, அதுவும் இல்லை.

பிரேக் போடும்போது சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. சைக்கிள்காரரைப் போல கை காட்டி நிற்கலாமே என்றால், மோட்டார் சைக்கிளில் அது நடக்காது. வலது கையில் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் இருக்கின்றன. நிற்க வேண்டிய நேரத்தில் அந்தக் கையை எடுக்க முடியாது. ஓட்டுபவரின் கைக்குப் பதிலாகத்தான் அந்த விளக்கு.

கிழவர்கள் ஓடும் சாலை

தார்நாகாவைச் சுற்றிப் பல்கலைக்கழகம், லாலாகூடா ரயில்வே பட்டறை, ரசாயன, உயிரியல் ஆராய்ச்சிக் கூடங்கள் என்று பல நிறுவனங்கள். குன்னூரில் 1918இல் பிறந்து 1958இல் இங்கே குடிபெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிலையமும் இங்கேதான். மாணவர்களும் மாதச் சம்பளக்காரர்களும் நிறைந்த இத்தகைய பேட்டைகளில் பழைய மோட்டார் சைக்கிளுக்கு எப்போதும் மவுசு உண்டு. அப்பா ஓட்டியதைப் பிள்ளை ஓட்டுவதும், சீனியர் ஓட்டியதை ஜூனியர் வாங்குவதும் சகஜம்.

நாடு முழுக்க இதே கதைதான். சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட், மைசூரில் 1996இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் ஜாவா, யெஸ்டி, 1985இல் அறிமுகமான ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டு வந்து 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100. இவற்றில் பலவற்றைக் காதலோடு பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள். என்ஜினைப் பிரித்து மாட்டுவார்கள். குரோமியம் முலாம் பூசுவார்கள். சைலன்சர் சத்தத்தைக் கேட்டே ரகம் பிரிப்பார்கள். பிரேக் விளக்கு எரிகிறதா என்று கேட்டால், எரியும் என்று நினைக்கிறேன் என்பார்கள். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் வந்த வினை.

தார்நாகா என்ற பெயரே இந்த விஷயத்துக்குப் பொருத்தமானது. தமிழ்க் காதில் தார் என்றால் சாலைக்கு ஊற்றும் கறுப்புக் குழம்பு. உருதில் கம்பி. பழத்தோட்டம் ஒன்றைச் சுற்றிக் கம்பி வேலியும் காவல் சாவடியும் இருந்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். பழைய வண்டியின் விளக்குக் கோளாறிலும் பெரும்பாலும் பிரச்சினை கம்பியிலும் சாவடியிலும்தான். மின்சாரத்தை விடுவதா, தடுப்பதா என்று தீர்மானிக்கும் சாவடிதான் ஸ்விட்ச்.

எப்படி வேலை செய்கிறது?

பாட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் பியூஸ், சாவி ஸ்விட்ச் ஆகியவற்றைத் தாண்டி பிரேக் ஸ்விட்ச்சுக்கு வருகிறது. அங்கே பாதை அறுந்து நிற்கிறது. பெடலை மிதித்தால் பாதை இணைந்து மின்சாரம் பின் விளக்குக்குப் போகிறது. அங்கிருந்து வண்டியின் இரும்புச் சட்டம் வழியாக, அதாவது எர்த் வழியாக, பாட்டரிக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான் மொத்த ஏற்பாடும்.

பின் பிரேக்கின் ஸ்விட்ச் பெரும்பாலான பழைய வண்டிகளில் வலது பக்கம், பெடலுக்குச் சற்று மேலே, சட்டத்தில் ஒரு துளையில் செருகப்பட்டிருக்கும். கட்டை விரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் உருளை. அதன் மேல் மரை, மரையில் ஒரு பெரிய நட்டு. அடியிலிருந்து ஒரு ஸ்பிரிங் தொங்கிப் பெடலோடு இணைந்திருக்கும். பெடல் கீழே போனால் ஸ்பிரிங் இழுக்கும், உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு நகர்ந்து இரண்டு முனைகளையும் இணைக்கும். முன் பிரேக்கின் ஸ்விட்ச் லீவருக்கு அடியில் இருக்கும் சிறு பொத்தான். லீவர் சும்மா இருக்கும்போது பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும். பிடித்தால் பொத்தான் விடுபட்டு விளக்கு எரியும்.

இரண்டு ஸ்விட்ச்சுகளும் ஒரே விளக்குக்கு இணையாகக் கொடுக்கப்பட்டவை. ஏதேனும் ஒன்று இணைந்தாலே விளக்கு எரியும்.

பல்பைப் பொறுத்தவரை, ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். 12 வோல்ட் வண்டியில் இரவு விளக்குக்கு 5 வாட், பிரேக் விளக்குக்கு 21 வாட். நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதால்தான் இரவிலும் பிரேக் போட்டது பளிச்சென்று தெரிகிறது. பல்பின் இரு பக்கமும் உள்ள ஊசிகள் ஒரே உயரத்தில் இருக்காது. இழைகள் மாறிப்போகாமல் ஒரே விதமாகத்தான் செருக முடியும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பலவந்தமாகத் திருப்பிப் போட்டால் இரவெல்லாம் 21 வாட் எரியும், பிரேக் போட்டால் 5 வாட் எரியும்.

துப்பறியும் வரிசை

பட்டறைகளில் அடிக்கடி நடப்பது: விளக்கு எரியவில்லை என்றதும் புது ஸ்விட்ச் மாட்டுவது. அப்போதும் எரியாவிட்டால் புது பல்பு. அதற்கும் மசியாவிட்டால், “ஒயரிங் முழுக்க மாத்தணும் சார்.” வரிசை தெரிந்தால் பத்து நிமிடத்தில் முடியும் வேலை அரை நாள் இழுக்கிறது.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். சாவியைப் போட்டு முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். பிறகு பின் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஒன்றுக்கு எரிந்து மற்றொன்றுக்கு எரியாவிட்டால் பல்பு, பியூஸ், எர்த் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. குற்றவாளி எரியாத பக்கத்து ஸ்விட்ச் அல்லது அதற்குப் போகும் ஒயர். இரண்டுக்குமே எரியாவிட்டால் இரண்டு ஸ்விட்ச்சும் ஒரே நாளில் கெட்டிருக்கும் என்று நினைக்க வேண்டாம். பொதுவான இடத்தில் கோளாறு.

அடுத்தது ஹாரன். பல வண்டிகளில் ஹாரனுக்கும் பிரேக் விளக்குக்கும் மின்சாரம் ஒரே வழியில் வருகிறது. ஹாரன் கணீரென்று ஒலித்தால் பாட்டரியும் பியூஸும் சரி. முனகினால் பாட்டரியில் உயிர் இல்லை.

இந்த இடத்தில் பலரும் ஏமாறுவார்கள். இரவு விளக்கு எரிகிறதே, பிறகு பாட்டரிக்கு என்ன குறை என்பார்கள். கிக் ஸ்டார்ட் மட்டும் உள்ள பல 100 சிசி வண்டிகளில் ஹெட்லைட்டும் இரவு விளக்கும் என்ஜின் ஓடும்போது மாக்னெட்டோவிலிருந்து நேரடியாக எரிகின்றன. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு மட்டும் பாட்டரியை நம்பி இருக்கின்றன. பாட்டரி செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், இரவு விளக்கு எரியும். அதனால் பாட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. அந்த வண்டிக்குப் பின்னால் போகிறவருக்கு முன்னறிவிப்பு என்பதே கிடையாது.

மூன்றாவது, பல்பு. விளக்கின் சிவப்பு மூடியைக் கழற்றிப் பல்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் இழை அறுந்திருப்பது தெரியும். கண்ணுக்கு முழுதாகத் தெரிந்தாலும், சந்தேகத்துக்குப் பாட்டரியில் நேராக வைத்துப் பார்ப்பது நல்லது. ஹோல்டருக்குள் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளும் அவற்றின் ஸ்பிரிங்குகளும் துருவேறி அமுங்கிக் கிடக்கும். மழைநீர் மூடிக்குள் இறங்கினால் முதலில் பாதிக்கப்படுவது இவைதான்.

நான்காவது, எர்த். இதன் அறிகுறி விசித்திரமானது. பிரேக் மிதித்தால் இரவு விளக்கு மங்குவது, இண்டிகேட்டர் லேசாக மினுக்குவது, இரண்டு இழையும் அரைகுறையாக எரிவது எல்லாம் எர்த் கோளாறே. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அடுத்த விளக்கின் வழியாகச் சுற்றிப் போகிறது. மட்கார்டுக்குப் புது பெயின்ட் அடித்த கையோடு இந்தக் கோளாறு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். விளக்கு பொருந்தும் போல்ட்டின் அடியில் பெயின்ட் படர்ந்து இரும்பும் இரும்பும் தொடாமல் போயிருக்கும். அந்த இடத்தைச் சுரண்டினால் தீர்ந்தது.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ஸ்விட்ச் மீது கை வைக்க வேண்டும். அதன் இரண்டு ஒயர்களையும் உருவி ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால் போதும். விளக்கு எரிந்தால் ஸ்விட்ச்தான் கெட்டது, ஐயமே இல்லை. ஒயர்களின் நிறமும் துணை செய்யும். யமஹா வம்சத்தில் சாவியிலிருந்து வருவது பழுப்பு, விளக்குக்குப் போவது மஞ்சள், எர்த் கறுப்பு. ஹோண்டா வம்சத்தில் வருவது கறுப்பு, போவது மஞ்சள் கோடு போட்ட பச்சை, எர்த் பச்சை. ஒன்றில் எர்த்தாக இருக்கும் கறுப்பு மற்றொன்றில் மின்சாரம் வரும் ஒயர். வம்சம் தெரியாமல் ஒயரைத் தொட்டால் பியூஸ் போகும். முப்பது வருட வண்டியில் யாரோ ஒரு மெக்கானிக் கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருக்கலாம் என்பதால் நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது.

சுத்தமா, புதுசா?

ஸ்விட்ச் கெடுவதற்குக் காரணங்கள் மூன்றுதான். கீழ்ப்பக்கத் துவாரம் வழியாகச் சேறும் தண்ணீரும் ஏறுவது ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் தார்நாகா சாலைகளில் தேங்கும் தண்ணீரைப் பெடல்தான் முதலில் சந்திக்கிறது. உள்ளே பித்தளையில் களிம்பு பூக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு முறை இணைந்து பிரியும்போதும் எழும் சிறு பொறி. அது தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்குகிறது. மூன்றாவது, தொங்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து அறுவது அல்லது இழுபட்டுத் தளர்ந்துபோவது.

ஸ்பிரிங் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். உள்ளே இருக்கும் இழுகம்பி சிக்கிக்கொண்டிருந்தால், ஸ்விட்ச்சைத் தலைகீழாகப் பிடித்துத் துரு நீக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, இருபது முப்பது முறை இழுத்து விட்டால் பல நேரம் விடுபடும். மூடியைப் பிரிக்கக்கூடிய ரகமாக இருந்தால், தகட்டையும் முனைகளையும் பெட்ரோலில் கழுவி, மிக நைசான உப்புத்தாளால் மினுக்கி, இழுகம்பிக்கு லேசாக வாசலின் தடவி மூடலாம். பெட்ரோல் தொடும்போது பாட்டரி இணைப்பு கழற்றப்பட்டிருக்க வேண்டும். உலர்ந்த பிறகுதான் மறுபடி இணைக்க வேண்டும். அருகில் பீடி, சிகரெட்டுக்கு இடமில்லை.

ஆனால் புது ஸ்விட்ச் எளிதாகக் கிடைக்கும் வண்டிக்கு இந்த வைத்தியம் தேவையில்லை. விலை பெரிய தொகை அல்ல. பல ஸ்விட்ச்சுகள் பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டே வருகின்றன. பிரித்து ஒட்டியதில் மறுபடி தண்ணீர் இறங்கும். பாகம் கிடைக்காத ஜாவா, பழைய புல்லட் போன்றவற்றுக்கே சுத்தம் செய்யும் பொறுமை பலன் தரும்.

இந்தக் கிழவர்களுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. இவற்றில் பலவும் 6 வோல்ட் வண்டிகள். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் இழுப்பது 1.75 ஆம்பியர். 6 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். அதே அழுக்கு படிந்த ஸ்விட்ச்சில் இரு மடங்கு மின்சாரம் பாய்ந்தால் வீணாகும் வோல்ட்டும் இரு மடங்கு. கையிருப்போ பாதி. ஆக சேதம் நான்கு மடங்கு. இழை பல்பில் வோல்ட் பத்து சதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதம் குறைந்துவிடும். 6 வோல்ட் வண்டியில் பத்து சதம் என்பது வெறும் 0.6 வோல்ட். “ஜாவா விளக்கு எப்பவும் அப்படித்தான் மினுங்கும்” என்று விதியை நொந்துகொள்வதற்கு முன்னால் ஸ்விட்ச், ஹோல்டர், எர்த் மூன்றையும் சுத்தம் செய்து பார்க்கலாம். கிழவர் நிமிர்ந்து உட்காருவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

நட்டைத் திருகு, உடலைத் திருகாதே

புது ஸ்விட்ச் மாட்டிய பிறகு செய்ய வேண்டிய முக்கிய வேலை, எப்போது எரிய வேண்டும் என்று சரி செய்வது. இதைச் செய்யாமல் விடுவதுதான் பாதிப் பட்டறைகளின் பழக்கம். முதலில் பிரேக்கை முறையாகச் சரி செய்ய வேண்டும். பெடல் வெறுமனே அமுங்கும் தூரம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். அதற்குப் பிறகே ஸ்விட்ச். பெடல் அந்த வெற்றுத் தூரத்தைக் கடந்து பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன் விளக்கு எரிய வேண்டும். சீக்கிரம் எரிய வேண்டுமானால் ஸ்விட்ச் மேலே ஏற வேண்டும். தாமதமாக எரிய வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும். இதற்கு ஸ்விட்ச்சின் உடலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருக வேண்டும். உடலைத் திருகினால் ஒயர்கள் முறுக்கிக்கொண்டு வேரோடு அறுந்துவிடும். புது ஸ்விட்ச் ஒரே வாரத்தில் போய்விட்டது என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்களில் சிலர் இப்படித் திருகியவர்கள்.

ட்ரம் பிரேக்கில் ஷூ தேயத் தேயப் பின் சக்கரத்தில் உள்ள நட்டை இறுக்குவது வழக்கம். அப்போது பெடலின் கணக்கு மாறுகிறது. கூடவே விளக்கின் கணக்கும் மாறுகிறது. பிரேக்கைத் தொட்டால் விளக்கையும் பார்க்க வேண்டும் என்பது எளிய விதி.

விளக்கு எரியாமல் இருப்பதைப் போலவே ஓயாமல் எரிவதும் ஆபத்து. எப்போதும் சிவப்பாக இருக்கும் வண்டி நிற்கப்போகிறதா, ஓடப்போகிறதா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. சில நிமிடங்களில் அவர் அந்த விளக்கை மதிப்பதை விட்டுவிடுகிறார். பாட்டரிக்கும் கேடு. 2.5 ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள சிறு பாட்டரியை என்ஜின் ஓடாத நிலையில் 21 வாட் விளக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். காரணம் பெரும்பாலும் அற்பமானது: பெடலைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பெடலின் அச்சில் கிரீஸ் காய்ந்து பெடல் முழுதாக மேலே வராமல் நிற்கும். ஸ்விட்ச்சை மாற்றி இதைச் சரி செய்ய முடியாது. பின் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டும் பழக்கமும் இதே விளைவைத் தரும்; அதற்கு ஸ்பானர் கிடையாது.

முன் கை மறந்த விளக்கு

பழைய புல்லட் உள்படப் பல வண்டிகளில் முன் பிரேக்குக்கு ஸ்விட்ச்சே கிடையாது. கனமான ட்ரம் பிரேக்கும் காலால் மிதிக்கும் பழக்கமும் இருந்த காலத்து வடிவமைப்பு அது. இன்று முன் பிரேக்கை நம்பி ஓட்டப் பழகிய இளைஞர், தாத்தாவின் புல்லட்டில் ஏறி வலது கையால் மட்டும் பிரேக் பிடித்தால் பின்னால் விளக்கு மௌனம் காக்கும். ஸ்விட்ச் பொருந்தும் லீவர் தாங்கி ஒன்றை வாங்கி மாட்டி, அதன் இரண்டு ஒயர்களைப் பின் ஸ்விட்ச்சின் இரண்டு ஒயர்களோடு இணையாகக் கொடுத்தால் போதும். அதுவரையில் நிற்கும் ஒவ்வொரு முறையும் காலையும் லேசாகப் பெடலில் வைப்பது உயிருக்கு நல்லது.

எல்இடி பல்பு போடலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. இழை சூடேறி ஒளிர வேண்டிய அவசியம் இல்லாததால் எல்இடி, சாதாரண பல்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி முந்தி எரிகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு அது மூன்று மீட்டருக்கு மேல் சலுகை. மின்சாரமும் மிகக் குறைவு. ஸ்விட்ச்சின் தகடு கருகாது. எதிர்ப்பக்கம், மாக்னெட்டோவிலிருந்து நேராக எரியும் இரவு விளக்கு இணைப்பில் மலிவான எல்இடி மினுக்கும், சீக்கிரம் போய்விடும். இரவு விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் வித்தியாசம் தெரியாத ரகங்களும் சந்தையில் உண்டு. நீலம், வெள்ளை, விட்டு விட்டு மின்னும் விளக்கு எல்லாம் அலங்காரத்துக்கு வேண்டுமானால் உதவும். விதி கேட்பது சிவப்பு.

உதிரி பாகத்துக்கு எங்கே போவது? தார்நாகாக்காரர்களுக்கு செகந்திராபாத் ராணிகஞ்ச். சென்னையில் புதுப்பேட்டை, பெங்களூரில் ஜே.சி. சாலை, டெல்லியில் கரோல் பாக், கொல்கத்தாவில் மல்லிக் பஜார். பழைய ஸ்விட்ச்சைக் கையோடு எடுத்துப்போவது நல்லது. மரையின் பருமனும் ஸ்பிரிங்கின் நீளமும் வண்டிக்கு வண்டி மாறும். பொருந்தாததைப் பொருத்த கடைக்காரர் சொல்லும் யோசனைகளில் கம்பி, ரப்பர் பாண்டு எல்லாம் இடம்பெறும். ஒயரை ஒட்டும்போது முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல் ஈயம் வைத்துப் பற்றவைப்பது, அல்லது முறையான கிளிப் போட்டு இறுக்குவது, மழைக்காலத்தில் மறுபடி பட்டறைக்குப் போவதைத் தடுக்கும்.

தனியார் இரு சக்கர வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டியிருப்பதால் அதற்கு முந்தைய நாள் பட்டறைகளில் விளக்கு சரி செய்யும் கூட்டம் சேருகிறது. அடுத்த பரிசோதனை ஐந்து வருடம் கழித்து. இடையில் பருவமழை ஐந்து முறை வந்து போகும்.

இதற்கு ஆர்டிஓ தேவையில்லை. வாரம் ஒரு நாள், இருட்டிய பிறகு, வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி நிறுத்திச் சாவியைப் போட வேண்டும். முன் பிரேக்கை ஒரு முறை பிடிக்க வேண்டும், பின் பிரேக்கை ஒரு முறை மிதிக்க வேண்டும். இரண்டு முறையும் சுவர் சிவக்க வேண்டும். கையையும் காலையும் எடுத்ததும் சிவப்பு மறைய வேண்டும். அரை நிமிட வேலை. சுவர் சிவக்கவில்லை என்றால் அடுத்த நாள் காலை ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன், பல்பிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டியதுதான்.